சுல்தானின் குளிர்காலத் தூக்கம்



ஓணானைக் கண்டால் தும்புத்தடியைத் தேடுகிறவர்கள் நாம். அப்படியிருக்க ஓணான் வளர்ப்பைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே இவள் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நம்மில் எத்தனை பேரின் பிள்ளைகள் இன்று லண்டனிலும் டொரொன்டோவிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள்! அந்த நாடுகளில் பூனையும் முயலும் போல ஓணானும் ஒரு வீட்டுப் பிராணி. பேரப்பிள்ளை ஆசையாகக் கேட்கிறான், வாப்பா வாங்கிக் கொடுக்கிறார், பிறகு அதன் பாடு உம்மாவின் தலையில் விழுகிறது. உம்மாவுக்கு விளங்காத போது தொலைபேசி நம்மைத் தேடி வருகிறது. அப்படி வந்த ஓர் அழைப்பில் நான் சொன்ன புத்தியால் ஓர் உயிர் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இம்மாதம் சொல்லப் போகிறேன்.

2022 டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதி. இங்கிலாந்தில் கடுங்குளிர் விழுந்திருந்த நாட்கள். எரிவாயுவும் மின்சாரமும் விலை ஏறிப்போன வருடம் அது. அங்குள்ள பல குடும்பங்களைப் போல என் இளைய மகளும் வீட்டுச் சூடாக்கியைக் குறைத்து வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளிடமிருந்து அழைப்பு.

"உம்மா, சுல்தான் மௌத்தாப் பெய்த்து போல ஈக்கி."

சுல்தான் என்பது என் பேரன் வளர்க்கும் ஓணான். ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன் என்பார்கள். கோபம் வந்தால் தொண்டைத் தோலை உப்பிக் கறுப்பாக்கிக் கொள்ளும். பார்ப்பதற்குத் தாடி வைத்தாற் போலிருக்கும். அந்தத் தாடியைப் பார்த்துத்தான் பிள்ளை அதற்கு சுல்தான் என்று பெயர் வைத்தான். ஒரு கிழமையாக அது சாப்பிடவில்லை, கூட்டின் குளிரான மூலையில் மண்ணைத் தோண்டி முகத்தைப் புதைத்துக் கொண்டு கிடக்கிறது, தூக்கினால் கண் திறக்கவில்லை, மேல் பனிக்கட்டி போல ஈக்கி என்றாள் மகள்.

எனக்கு ஓணானைப் பற்றி என்ன தெரியும்? பசியால் கிறங்கிக் கிடக்கும் என்று நினைத்தேன். "வாயைத் திறந்து கொஞ்சம் பழத்தை மசித்து ஊட்டிப் பாருங்க. சுடுதண்ணீல முக்கி எடுங்க" என்றேன். பிள்ளை பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? வாடிக் கிடக்கும் எந்த உயிரைக் கண்டாலும் ஊட்டத்தானே நம் கை போகிறது. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் சம்பவத்தைச் சிறு வயதில் மத்ரஸாவில் கேட்டு நடுங்காதவர் நம்மில் யார்?

மகள் ஊட்டவில்லை. அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அதன் வாயைத் திறக்கப் பயம். அந்தப் பயம் சுல்தானைக் காப்பாற்றியது. மருமகன் ஒரு சப்பாத்துப் பெட்டியில் பழைய துவாய் விரித்து அதை வைத்து, ஜும்ஆ முடிந்து வந்து தோட்டத்தில் புதைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேரன் பாடசாலைக்கும் போகாமல் பெட்டியைப் பிடித்துக் கொண்டு அழுதிருக்கிறான். அழுதபடியே அதன் பின்னங்காலைப் பிடித்து மெல்ல இழுத்திருக்கிறான். சற்று நேரம் கழித்து, கால் தன்பாட்டில் உள்ளே போயிருக்கிறது.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரிடம் அன்று மாலையே கொண்டு போனார்கள். அவர் சொன்ன முதற் செய்தி, இது சாகவில்லை, குளிர்காலத் தூக்கத்துக்குப் போகப் பார்க்கிறது என்பது. இரண்டாவது செய்தி, வயிற்றில் உணவோடு போகப் பார்க்கிறது, அதை விடக் கூடாது என்பது. ஊட்டச் சொன்னேனே, அதைச் செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்ந்து உள்ளே அழுகியிருக்கும்.

இது ஏன் என்று விளங்கிக் கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நம் உடம்பு வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் தன் சூட்டைத் தானே உண்டாக்கி 37 பாகை செல்சியஸ் அளவில் வைத்துக் கொள்கிறது. ஓணானால் அது முடியாது. வெயிலிலோ விளக்கடியிலோ கிடந்துதான் அது சூடேற வேண்டும். அப்பத்துக்குக் கரைத்த மா நம் ஊரில் ஒரே இரவில் பொங்கி வழியும். அதே மா என் மகளின் குசினியில் டிசம்பர் மாதம் அசையாமல் கிடக்கும். ஓணானின் வயிற்றிலும் இதே கதைதான். சூடு இருந்தால்தான் குடல் அசையும், உணவு கரையும். சூடு குறைந்தால் தின்றது தின்றபடியே கிடந்து கெடும். அதில் பெருகும் கிருமிகள் தூங்கும் பிராணியைக் கொன்று விடும். ஆகவே குளிரில் கிடக்கும் ஓணானுக்கு உணவு கொடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பராமரிப்பு.

கரடி போன்ற பாலூட்டிகளின் குளிர்காலத் தூக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஓணான் மாதக் கணக்கில் ஒரே தூக்கமாகக் கிடப்பதில்லை. இடையில் கண் விழிக்கும், கொஞ்சம் இடம் மாறும், தண்ணீர் குடிக்கும், மறுபடி போய்ப் படுக்கும். இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கென்று 1965ஆம் ஆண்டில் மேஹியூ என்ற அமெரிக்க ஆய்வாளர் ப்ரூமேஷன் என்ற புதுச் சொல்லை உண்டாக்கினார். வைத்தியர்களும் வளர்ப்போரும் இன்று அந்தச் சொல்லையே பாவிக்கிறார்கள். உங்கள் மகளோ மருமகளோ தொலைபேசியில் அப்படிச் சொன்னால் ஏதோ நோயின் பெயர் என்று பயந்து விடாதீர்கள்.

சுல்தானின் இனத்துக்குச் சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலம். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். இரவில் கடுமையாகக் குளிரும், பூச்சி புழு குறைந்து விடும். வெளியே அலைந்து இரை தேடுவதை விட மண்ணுக்குள் கிடப்பது இலாபம். அவுஸ்திரேலியா தன் காட்டு ஓணான்களை வியாபாரத்துக்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஐரோப்பாவில் விற்கப்படுபவை தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் பிறந்தவை. ஆனாலும் அந்தப் பழக்கம் அவற்றின் உடம்பை விட்டுப் போகவில்லை. விளக்கு எரிந்து கூடு சூடாக இருந்தாலும் சில ஓணான்கள் பகல் சுருங்கும் மாதங்களில் தாமாகவே உணவை விட்டுவிட்டு மூலையில் போய்ப் படுத்து விடும்.

நமது சமூகத்துக்குப் பழக்கமான ஒரு பிராணியும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஹதீஸ் நூல்களில் வரும் ளப்பைச் சொல்கிறேன். நபி (ஸல்) அவர்களின் முன்னால் அது உணவாக வைக்கப்பட்ட போது அவர்கள் உண்ணாமலும் தடுக்காமலும் விட்டதையும், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டதையும் கேட்டிருப்பீர்கள். தமிழ் மொழிபெயர்ப்புகளில் உடும்பு என்று போட்டிருக்கும். நமது ஆற்றங்கரை உடும்பைத்தான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ளப்பு வேறு: வாலில் வளையம் வளையமாக முள் கொண்ட, பெரும்பாலும் இலை குழை தின்னும் பாலைவனப் பிராணி. அரபு நாட்டுக் குளிர்கால மாதங்களில் தன் வளைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஐரோப்பாவில் அதன் இனங்களையும் விளக்கு வைத்து வளர்க்கிறார்கள்.

சரி, சுல்தானிடம் வருவோம்.

வைத்தியர் அதை மறுபடி சூடாக்கச் சொன்னார். ஒரேயடியாக அல்ல, படிப்படியாக. விளக்கடியில் வெயில் காயும் இடம் 40 பாகை அளவுக்கு வந்ததும் இரண்டாம் நாள் அது மலம் கழித்தது. அதைப் பரிசோதித்ததில் குடற்புழு இருந்தது. மருந்து கொடுத்து, மறுபரிசோதனை செய்து, ஜனவரி முதற் கிழமையில் நலம் என்றார்கள். மகளின் பேறுகாலத்துக்காக நான் அங்கே போய் இறங்கியதும் அந்தக் கிழமைதான்.

அப்போதும் அது தூங்கவே பார்த்தது. விளக்கைப் போட்டால் விளக்குக்கு முதுகைக் காட்டிக் கொண்டு மூலையைத் தோண்டியது. வைத்தியரிடம் கேட்ட போது அவர் தெளிவாகச் சொன்னார்: குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாத வீட்டில் ஓணானைத் தூங்க வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, சூட்டோடும் வெளிச்சத்தோடும் குளிர்காலத்தைக் கடத்தி விடலாம். ஆனால் அது பிடிவாதமாகத் தூங்கப் போகிறது, நிறை நன்றாக இருக்கிறது, புழு இல்லை, வயதும் ஒன்றைத் தாண்டிவிட்டது என்றால் விட்டு விடுங்கள், முறையாகத் தூங்கட்டும்.

அந்த 'என்றால்'களைக் கவனியுங்கள். ஒரு வயது நிரம்பாத குட்டியைத் தூங்க விடக் கூடாது. அதன் உடம்பில் அதற்கான கொழுப்புச் சேமிப்பு இல்லை. மெலிந்ததையும் அண்மையில் நோய் கண்டதையும் அப்படியே. தூக்கத்துக்கு முன் மலப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். புழு விழித்திருக்கும் ஓணானின் வயிற்றில் சும்மா இருந்தாலும், தூங்கி எதிர்ப்புச் சக்தி தணிந்த ஓணானை விட்டு வைக்காது.

இன்னொன்று, எல்லாப் பல்லி ஓணான்களுக்கும் இந்தத் தூக்கம் கிடையாது. கடைகளில் விற்கும் பச்சை இகுவானாவும் பச்சோந்திகளும் வெப்ப நாட்டுக் காட்டுப் பல்லிகளும் குளிரில் விட்டால் தூங்க மாட்டா; நோய் வந்து சாகும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வட இந்தியப் பகுதிகளின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லி மிதமாகத் தூங்கும். அதன் கொழுப்பெல்லாம் வாலில்தான் இருக்கிறது, வால் மெலிந்தால் உடனே எழுப்பி விட வேண்டும். என்ன இனம் என்று தெரியாத ஒன்றைக் குளிரில் விடாதீர்கள்.

தூங்க வைத்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் உணவு நிறுத்தம். விளக்கும் சூடும் வழமை போல எரிய, உணவு மட்டும் பத்து நாட்களுக்கு மேல் இல்லை. தண்ணீர் உண்டு. வயிறு முழுதும் காலியாவதற்குத்தான் இந்தச் சூடு. சூட்டையும் உணவையும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் பலர் விடும் பிழை. மலம் கழித்து வயிறு காலி என்று உறுதியான பின் வெளிச்சத்தை நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து எட்டு மணித்தியாலத்துக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு சூட்டு விளக்கு நின்றது. கூட்டில் ஒளிந்திருந்த சில்வண்டுகளை எல்லாம் பேரன் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெளியே எடுத்தான். ஓணானுக்கு இரையாகப் போடும் பூச்சிதான். ஆனால் ஓணான் தூங்கினால் அது ஓணானைக் கடித்துத் தின்னும்.

கூட்டை மாடியில் சூடாக்கி போடாத சிறு அறைக்கு மாற்றி, இருட்டாக இருக்க மேலே ஒரு துணி போட்டோம். வெப்பமானி 14க்கும் 17க்கும் இடையில் நின்றது. இந்த இனத்துக்கு அது போதுமான குளிர். இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. பாவம் என்று நினைத்து அறையைக் கொஞ்சம் சூடாக்கி 22, 24 பாகையில் வைத்தால் ஓணானுக்கு அது நன்மை அல்ல. உடம்பு கொழுப்பைக் கரைக்கும் அளவுக்கு விழித்திருக்கும், உணவைச் செரிக்கும் அளவுக்குச் சூடேறாது. இரண்டுங்கெட்டான் சூட்டில் கிடந்து மெலிந்து போகும். அதே நேரம், பனி விழும் இரவில் குளிர் ஏறும் கொட்டிலிலோ யன்னலோரத்திலோ வைத்தாலும் தாங்காது.

வட்டமான ஆழமில்லாத ஒரு தட்டில் தண்ணீர் எப்போதும் இருந்தது. ஆழமான பாத்திரம் வைக்காதீர்கள். அரைத் தூக்கத்தில் தலையை விட்டால் எடுக்கத் தெம்பிருக்காது.

கிழமைக்கு ஒரு தடவை நிறுவை. பேரன் அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தான். தூங்கப் போகும் போது 420 கிராம், நாலாம் கிழமை 414. நன்றாகத் தூங்கும் ஓணான் மிகக் கொஞ்சமாகத்தான் குறையும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது சுல்தானின் கணக்கில் 42 கிராம் போனால், தூக்கம் அல்ல நோய் என்று கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். கண் குழி விழுதல், மூக்கிலும் வாயிலும் சளி, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழிச்சல், மல்லாத்தி விட்டால் புரள முடியாமை, இவையும் நோயின் அடையாளங்கள்தான்.

நிறுவையைச் சொன்னதும் நினைவு வருகிறது. நான் போன அன்று குசினியில் கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் சுல்தானை வைத்து நிறுத்துக் கொண்டிருந்தார்கள்! சகோதரிகளே, இதை மட்டும் மறந்து விடாதீர்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும் ஓணானின் குடலிலும் சல்மனெல்லா என்ற கிருமி இருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிக்கும், என்னைப் போன்ற வயதானவர்களுக்கும் கடும் வயிற்றோட்டத்தைக் கொண்டு வரும், சில வேளை இரத்தத்திலும் கலக்கும். அன்றே வேறு தராசு வாங்கச் செய்தேன். கூட்டின் தட்டு முட்டுகளைக் குசினித் தொட்டியில் கழுவுவதை நிறுத்தி அதற்கென்று ஒரு வாளி வைத்தோம். தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் வேறெதையும் தொடக் கூடாது. முத்தம் கொடுப்பது, கட்டிலிலும் முஸல்லாவிலும் ஊர விடுவது, எல்லாம் தடை. பேரன் முகத்தைத் தூக்கிக் கொண்டான். தங்கச்சி பிறக்கப் போகிறாள் என்றதும் ஒப்புக் கொண்டான்.

பெப்ரவரியில் அவள் பிறந்தாள். கீழ் மாடியில் இரவு முழுக்கக் கத்தும் ஒரு பிள்ளை, மேல் மாடியில் அசையவே அசையாத ஒன்று. இரண்டுக்கும் நடுவில் படியேறி இறங்கி என் முழங்கால் போய் விட்டது.

ஒரு நாள் லுஹருக்குப் பின் மேலே போன போது துணிக்குப் பின்னால் ஏதோ உரசும் சத்தம். தூக்கிப் பார்த்தால் சுல்தான் கண் விழித்துத் தண்ணீர்த் தட்டின் பக்கத்தில் நிற்கிறான். வயிறு ஒட்டி, தோல் மங்கி, ஒரு கண்ணைப் பாதி மூடிக் கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. இத்தனை தெரிந்த பிறகும், கீழே போய் ஒரு துண்டு பூசணிக்காயைத் துருவி ஒளித்துக் கொண்டு வந்தேன். பாடசாலை விட்டு வந்த பேரன் படியிலேயே மறித்துக் கொண்டான்.

"உம்மும்மா, குடுக்காதீங்க. அவனுக்குப் பசிக்கல்ல. உங்களுக்குத்தான் பாவமா ஈக்கி."

பதினொரு வயது. பூசணியை நானே கறிக்குள் போட்டேன். சுல்தான் நாலைந்து மிடறு குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக் கொண்டான்.

பிள்ளை பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஒரு பாகிஸ்தானியச் சகோதரி வந்திருந்தார். என் மகளுக்கு மூத்தவர், அவளை பேட்டி என்று மகளைப் போல அழைப்பவர். பேச்சுவாக்கில் மேல் மாடிக் கதையும் வந்தது. மகள் சப்பாத்துப் பெட்டியைப் பற்றிச் சிரித்துக் கொண்டே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் கோப்பையையே பார்த்துக் கொண்டிருந்து விட்டு, தங்கள் மகனும் இதே இனத்தைத்தான் வளர்த்தான், இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் சாப்பாட்டை விட்டுக் குளிர்ந்து போய்க் கிடந்தது, தோட்டத்தில் ரோஜாச் செடியின் கீழ் புதைத்து விட்டோம் என்றார். வைத்தியரிடம் காட்டினீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? "மகனிடம் இதைச் சொல்லி விடாதீர்கள்" என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தூங்கும் ஓணானின் மூச்சு மிக மெதுவானது. நெஞ்சு எழுந்து தாழ்வதைக் கண்ணால் பிடிக்க முடியாது. இதயமும் அப்படியே. குளிர்ந்து கிடப்பதும், கண் மூடிக் கிடப்பதும், தூக்கினால் துவண்டு தொங்குவதும் மரணத்துக்குச் சாட்சி அல்ல. காலை மெல்ல நீட்டி விட்டுப் பொறுத்துப் பாருங்கள். சாதாரண அறைச் சூட்டுக்குக் கொண்டு வந்து சில மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். கொதிநீரும் வேண்டாம், தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம். திடீர்ச் சூடே கொன்று விடும். மிருக வைத்தியரிடம் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி இருக்கிறது. அவர் பார்த்துச் சொல்லும் வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் ஓணான் வளர்ப்போரையும் கட்டுப்படுத்துகிறது. அதன் தேவை அறிந்து கவனிப்பது வளர்ப்பவரின் சட்டக் கடமை.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நமது ஓணான்களுக்கு இப்படியான நீண்ட குளிர்காலம் இல்லை. ஆனால் ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாப் பக்கத்திலும் வாழும் கொம்பு மூக்கு ஓணானை ஐரோப்பாவில் காசு கொடுத்து வாங்க ஆளிருக்கிறார்கள். பிடித்துக் கடத்தியிருக்கிறார்கள். அவற்றைப் பிடிப்பதும் அனுப்புவதும் நமது வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் நமது மலைநாட்டு ஓணான்கள் பலவற்றின் சர்வதேச வியாபாரமும் கட்டுப்படுத்தப்பட்டது. வெளிநாட்டிலுள்ள பேரன் கேட்டாலும் ஊரிலிருந்து ஓணான் அனுப்புவதைப் பற்றி நினைத்தும் பார்க்காதீர்கள்.

மார்ச் நடுப்பகுதியில் சுல்தான் தானாகவே அடிக்கடி வெளியே வரத் தொடங்கினான். எழுப்புவதும் தூங்க வைத்ததைப் போலப் படிப்படியாகத்தான். முதலில் துணியை எடுத்தோம். பிறகு சில மணித்தியால வெளிச்சம், அதன் பின் சூட்டு விளக்கு, ஒரு கிழமையில் பழைய அளவுக்கு. புற ஊதாக் கதிர் தரும் குழாய் விளக்கைப் புதிதாக மாற்றினார்கள். எரிந்து கொண்டிருந்தாலும் பழைய விளக்கின் கதிர் குறைந்து விடும், அந்தக் கதிரில்லாமல் எலும்பு பலப்படாது. முதலில் கிடைக்க வேண்டியது தண்ணீர். மேல் நன்றாகச் சூடேறிய இரண்டு நாட்களுக்குப் பின்தான் உணவு, அதுவும் கொஞ்சம். சில ஓணான்கள் ஒரு கிழமை வரை தொடாமலும் இருக்கும், அதற்கும் பயப்படத் தேவையில்லை. நிறுத்துப் பார்த்தோம், 409 கிராம்.

அந்த வருடம் ரமழான் தலை நோன்பு மார்ச் 23, வியாழக்கிழமை. பாடசாலை விட்டு வந்த பேரன் கை கழுவி, கொத்தமல்லி இலையும் பூசணித் துருவலும் கலந்து ஒரு சின்னத் தட்டில் கொண்டு போய் வைத்தான். நோன்போடு நானும் பின்னால் போனேன். சுல்தான் விளக்கடியிலிருந்து இறங்கி வந்து தட்டைப் பார்த்தான், நாக்கால் ஒரு முறை தொட்டான், பிறகு வாயை அகலத் திறந்து ஒரு கவ்வு.

"பாருங்க உம்மும்மா," என்றான் பேரன், "நாம நோன்பு பிடிக்கிற அன்டைக்கு இவன் நோன்பு தொறக்கிறான்."

இஃப்தாருக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. கீழே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நான் கை கழுவப் போனேன்.